கரிசலில் கடைக்கால்

சித்திரை வெயிலில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகள் வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் வெடிப்பெல்லாம் மூடி, காலில் அப்பும் களியாகிவிடும் மண். பருத்தியும் கம்பும் உளுந்தும் விதைக்கும் சம்சாரிக்கு அது வரம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் மண் இருந்தால்தான் மானாவாரி வெள்ளாமை கரையேறும். அதே மண்ணில் வீடு கட்டியவர்களுக்கோ, சுவரில் சாய்வாக ஓடும் விரிசலும் திறக்க மறுக்கும் கதவுமே மிஞ்சின.

பழி நெடுங்காலம் கொத்தனார்மேலும் கலவைமேலும் விழுந்தது. பொறியாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். கட்டடத்தின் கனத்தால் மண் எவ்வளவு அமுங்கும் என்று கணக்குப் போட்டார்களே தவிர, மண்ணே கட்டடத்தைத் தூக்கும் என்று எண்ணவில்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஓவைஹீ பாசனத் திட்டத்தின் எஃகு சைஃபன் ஒன்றுக்கு அடித்தளம் போட்ட இடத்தில்தான், கோளாறு மண்ணின் வீக்கத்தில் இருக்கிறது என்பதை அந்நாட்டின் பாசனத் துறை முதன்முதலாக அடையாளம் கண்டது. அது நடந்தது 1938இல்.

வீங்குவது ஏன் என்பதற்கான விடை அதற்குச் சற்று முன்புதான் கிடைத்திருந்தது. கரிசலில் மிகுந்திருப்பது மாண்ட்மோரில்லனைட் என்ற களிமண் கனிமம். அதற்கு, அது கிடைத்த பிரான்ஸ் நாட்டு ஊரின் பெயரை 1847இலேயே வைத்துவிட்டார்கள். அதன் உள்ளமைப்பை 1933இல் ஹோஃப்மன், எண்டெல், வில்ம் என்ற மூவர் விளக்கினார்கள். புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்த படலங்கள். ஒவ்வொன்றின் கனமும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். படலங்களுக்கு இடையிலான பிடிப்பு வலுவற்றது. ஆகவே தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றை விலக்குகிறது. ஒரு கிராம் மாண்ட்மோரில்லனைட்டின் படலப் பரப்பு முழுவதையும் விரித்தால் 800 சதுர மீட்டர் வரை வரும். செம்மண்ணில் மிகுந்திருக்கும் கயோலினைட்டில் அது 10, 20 சதுர மீட்டர்தான். செம்மண் பூமியில் நிமிர்ந்து நிற்கும் வீடு கரிசலில் பிளப்பதற்கு முதல் காரணம் இந்த வேறுபாடு.

கனிமத்தோடு விஷயம் முடிவதில்லை. படலங்களுக்கு நடுவே சோடியம் அயனிகள் மிகுந்தால் வீக்கம் கூடும்; கால்சியம் மிகுந்தால் குறையும். களிமண்ணில் சுண்ணாம்பு கலந்து பக்குவப்படுத்தும் முறைக்கு இதுவும் ஓர் அடிப்படை. நெருக்கமாக இறுகிக் காய்ந்த மண் நனையும்போது அதிகம் வீங்கும். ஏற்கனவே ஈரமாக இருந்த மண் அவ்வளவு வீங்காது. அதனால் கோடையில் காய்ந்த தரையில் எழும்பிய வீடு, அடுத்த மழையில் கூடுதல் சோதனைக்கு ஆளாகிறது. மேலிருக்கும் பாரமும் முக்கியம். கரிசலின் வீக்க அழுத்தம் சில இடங்களில் சதுர மீட்டருக்கு 20 டன்னைத் தாண்டும். கனத்த கட்டடம் அதை ஓரளவு அடக்கும். ஓரடுக்கு வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் அந்தக் கனம் கிடையாது. கரிசலில் அதிகம் அடிவாங்கியது எளியவர்களின் வீடுதான்.

இந்தியாவில் கரிசல் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. தக்காணத்தில் அது எரிமலைப் பாறையிலிருந்து உண்டானது. தமிழகக் கரிசலில் பெரும்பகுதி நைஸ் போன்ற பழம்பாறைகள் வறண்ட பருவநிலையில் சிதைந்து உருவானது. இத்தனை பெரிய நிலப்பரப்புக்கு மலிவான கடைக்கால் தேவைப்பட்டது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் அதில் இறங்கியது. தினேஷ் மோகனும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்த அண்டர்ரீம் பைல், மெல்லிய கான்கிரீட் தூண்தான். ஆனால் அதன் அடிப்பக்கத்தில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தில் ஒரு குமிழ் இருக்கும். பருவத்துக்குப் பருவம் நனைந்து காயும் மேல்மண்ணைத் தாண்டி, ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். ஆழமான கரிசலில் அந்தத் தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. தூண்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் இடையே வெற்றிடம் விடுவார்கள். மண் வீங்கி மேலெழும்பினாலும் பீமை முட்டாது.

வீட்டுக்கு வழி பிறந்தது. வாய்க்காலுக்கு? கர்நாடகத்தின் மலப்பிரபா திட்டத்தில் கால்வாய்கள் கரிசல் வழியே ஓடின. கரைகளில் பதித்த கான்கிரீட் பூச்சு பெயர்ந்தது. பம்பாய் ஐஐடி பேராசிரியர் ஆர்.கே.கட்டி, வீங்காத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணைக் கரிசலுக்கும் பூச்சுக்கும் நடுவே தடித்த அடுக்காக இறுக்கிப் பரப்பச் சொன்னார். அந்த முறை பின்னர் இந்தியத் தர விதிகளில் இடம்பெற்றது.

இதே காலத்தில் மற்ற நாடுகளும் விழித்துக்கொண்டன. வீங்கும் களிமண்ணுக்கென முதல் சர்வதேச மாநாடு 1965இல் டெக்சாஸில் நடந்தது. அமெரிக்காவில் வீங்கும் மண்ணால் ஆண்டுதோறும் 200 கோடி டாலருக்கு மேல் சேதம் என்று ஜோன்ஸும் ஹோல்ட்ஸும் 1973இல் கணக்குக் காட்டினார்கள். வெள்ளம், சூறாவளி, சுழற்காற்று, நிலநடுக்கம் நான்கும் சேர்ந்து விளைத்த சேதத்தைவிட அது அதிகம். இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டு வறட்சியில் இதன் மறுபக்கம் தெரிந்தது. லண்டன் களிமண் சுருங்கி, வீடுகள் இறங்கின. பக்கத்தில் நின்ற பெரிய மரங்களின் வேர்கள் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சியதால் பாதிப்பு கூடியது.

மண்ணின் குணத்தை அறிய பெரிய செலவும் வேண்டியதில்லை. 1977இல் இந்தியத் தரமாக வெளிவந்த சோதனையில், சலித்து உலர்த்திய மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் வீங்கியிருக்காது, தண்ணீரில் வீங்கியிருக்கும். வித்தியாசம் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை குறைவு. 100ஐத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரத்தை நம்பக் கூடாது.

இத்தனையும் அரை நூற்றாண்டாகத் தெரிந்த செய்திகள். ஆனாலும் கரிசல் பூமியில் மண்ணைச் சோதிக்காமலே எத்தனையோ சிறு வீடுகள் எழும்புகின்றன. வானம் தோண்டும் முன்பே மண்ணைச் சோதித்துப் பாருங்கள். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரம் தேங்காமல் வெளியேற்றுங்கள். பெரிய மரங்களைச் சுவரை ஒட்டி நடாதீர்கள். விரிசலுக்குப் பிறகு செய்யும் மராமத்தைவிட இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு.