கவவும் பூரணமும்: கொழுக்கட்டையின் சொல்வரலாறு

அரிசி மாவைச் சொப்பாகக் குழித்து, உள்ளே இனிப்போ காரமோ வைத்து மூடி, ஆவியில் வேகவைக்கும் பண்டம் கொழுக்கட்டை. தஞ்சை வட்டாரத்தில் ஆவணி மாதப் பிள்ளையார் சதுர்த்திப் படையல் இது இல்லாமல் நிறையாது. வரலட்சுமி நோன்புக்கும் இதைச் செய்வதுண்டு. பண்டத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள்: மோதகம், கொழுக்கட்டை. உள்ளீட்டுக்கும் இரண்டு பெயர்கள்: பழையது கவவு, இன்றையது பூரணம். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுத்த கதையே கொழுக்கட்டையின் சொல்வரலாறு.

காவிரிப் படுகையில் அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசியே பெருவழக்கு. படையலுக்கு அது ஆகாது. நெல்லை ஏற்கெனவே ஒருமுறை அவித்துவிட்டார்கள் என்பது காரணம். ஆகவே கொழுக்கட்டைக்குப் பச்சரிசி. அதை ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்துச் சலிப்பார்கள். கொதிக்கும் நீரில் சிறிது உப்பும் நல்லெண்ணெயும் விட்டு அந்த மாவைக் கொட்டிக் கிளறினால் மேல்மாவு தயார். சிறு உருண்டை ஒன்றை எடுத்து, எண்ணெய் தொட்ட விரல்களால் சுற்றிச் சுற்றி அழுத்திக் குழிப்பதற்குச் சொப்பு செய்தல் என்று பெயர். கைத்திறன் தெரியும் இடம் இதுதான். சொப்பு தடித்தால் மாவுதான் நாக்கில் நிற்கும்; மெலிந்து விரிசல் விட்டால் பூரணம் வழிந்து இட்லித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். தேங்காயும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்தது தேங்காய்ப் பூரணம். எள்ளுப் பூரணம், கடலைப்பருப்புப் பூரணம், உப்புக் கொழுக்கட்டைக்கு உளுத்தம் பூரணம் எனப் பிற வகைகளும் உண்டு.

இலக்கியத்தில் முதலில் தென்படும் பெயர் மோதகம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, இரவுக் கடைத்தெருவில் விற்ற பண்டங்களுள் இதனைச் சொல்கிறது. பாகும் கவவும் கூட்டிப் பிடித்த மோதகம் அது. அதை விற்ற கூவியர் அந்த இரவு வேளையில் உறங்கும் காட்சியும் அப்பாட்டில் வருகிறது. கூவியர் என்றால் அப்பம் முதலியவை சுட்டு விற்போர். காவிரி கடலோடு கலக்கும் புகாரிலும் அவர்கள் இருந்தார்கள். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, பிட்டு விற்கும் காழியரை அடுத்துக் கூவியரை வைக்கிறது. ஆக, இப்பண்டம் சங்க காலத்திலேயே கடையில் விலைக்குக் கிடைத்தது. வீட்டுப் படையலோடு மட்டும் அதை இணைத்துப் பார்ப்பது முழு வரலாறாகாது.

மோதகம் வடசொல். மகிழ்ச்சியைக் குறிக்கும் 'முத்' என்னும் வேரிலிருந்து பிறந்தது. மகிழ்விப்பது என்பது பொருள். கவவு தமிழ்ச்சொல். அகத்தே இடுதல் என்று தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் தருகிறது. தழுவும் கைக்குக் கவவுக்கை என்று பெயர் வந்ததும் இப்பொருளால்தான். ஒன்றைத் தனக்குள் வைத்து மூடுதல் என்னும் கருத்து, அணைப்புக்கும் பண்டத்துக்கும் பொதுவாக நின்றது.

கொழுக்கட்டை என்பதைக் கொழு, கட்டை எனப் பிரித்துப் பொருள் காண்பது வழக்கம். கொழுமை, கொழுப்பு ஆகியவற்றில் உள்ள கொழுவே முதற்பகுதி. திரண்டு இறுகியது என்னும் பொருளில் கட்டை வருகிறது. திரட்சியும் செழுமையும் உள்ள உருண்டை என்பது இதனால் கிடைக்கும் பொருள். உழவர் ஏரில் பூட்டும் கொழு வேறு சொல். மலையாளத்திலும் இப்பெயர் கொழுக்கட்ட என வழங்குகிறது. கன்னடத்தில் கடுபு, தெலுங்கில் குடுமு, மராத்தியில் மோதக்.

சங்கப் பாட்டில் பண்டத்தின் பெயர் வடமொழி, உள்ளீட்டின் பெயர் தமிழ். இன்றைய பேச்சில் பண்டத்தின் பெயர் தமிழ், உள்ளீட்டின் பெயர் வடமொழி. நிரப்புதல் என்னும் பொருளுடைய பூரணம் வந்து அமர்ந்ததும் கவவு பேச்சிலிருந்து முற்றாக விலகியது. மோதகம் அப்படி மறையவில்லை. பொருள் சுருங்கி நிலைத்தது. உச்சி கூம்பிய உருண்டை வடிவம் மோதகம், ஓரம் மடித்த பிறை வடிவம் கொழுக்கட்டை என்ற பாகுபாடு யாழ்ப்பாணத்தில் தெளிவாக உள்ளது. தஞ்சைப் பக்கம் இரண்டுமே கொழுக்கட்டைதான். மோதகம் கோயில் வழக்கிலும் சிற்ப வருணனையிலும் மிகுதி.

கல்வெட்டு வேறொரு செய்தி தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க, முதலாம் இராசராசன் காலத்தில் 360 காசு வணிகரிடம் முதலாக வைக்கப்பட்டது; ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு வட்டி. அன்றாடப் படையலுக்குப் பழம் போதுமாக இருந்தது. சிற்பத்திலோ பிள்ளையாரின் துதிக்கை மோதகத்தைத் தொட்டபடி இருப்பதே மரபு. காவிரி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அருகே, திருச்சி மலைக்கோட்டையில், சதுர்த்தியன்று 150 கிலோ கொழுக்கட்டை படைக்கிறார்கள். அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ, உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ.

வெளியே சுவையற்ற வெண்மாவு உலகம், உள்ளே இருக்கும் இனிப்பு மெய்ப்பொருள் என்பது மோதகத்துக்குச் சமயச் சொற்பொழிவுகள் தரும் விளக்கம். நிலவோடும் இதற்கு ஒரு தொடர்பு கூறப்படுகிறது. வயிறு நிறைய மோதகம் உண்டு மூஞ்சூறு மேல் சென்ற பிள்ளையார் சறுக்கி விழ, அதைக் கண்டு சிரித்த சந்திரன் சாபம் பெற்றான்; அதனால் சதுர்த்தி நிலவைப் பார்க்கக் கூடாது என்பர். சீனரின் நிலா அப்பம் இதற்கு நேரெதிர். அவர்களது எட்டாம் மாத முழுநிலவு நாளில் தாமரை விதை விழுது போன்றவற்றை உள்ளே வைத்துச் சுட்ட அந்த வட்டப் பண்டத்தைப் பகிர்ந்து, நிலவைப் பார்த்து மகிழ்வார்கள். அதன் வட்டம் குடும்பம் ஒன்றுகூடுவதன் அடையாளம். 2024இல் செப்டம்பர் 7 பிள்ளையார் சதுர்த்தி, செப்டம்பர் 17 நிலா விழா. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் இரு பண்டங்களையும் அடுத்தடுத்துக் காண்கிறார்கள்.

வேறு இடங்களில் வேறு குறிப்பு. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்குப் பல் முளைத்ததும் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்த பல்லுக்கொழுக்கட்டையைத் தலையில் கொட்டுவார்கள். கேரளச் சிரியன் கிறிஸ்தவர் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமையைக் கொழுக்கட்டைச் சனி என்கிறார்கள்.

நாட்டார் கதையில் இச்சொல்லே கதைப்பொருளாகிறது. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பெயர் மறக்காதிருக்க அதையே சொல்லிக்கொண்டு வருகிறான். வாய்க்காலைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று குதிக்க, அதுவே வாயில் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் அத்திரிபாச்சா கேட்டு, தெரியாது என்ற மனைவியை அடிக்கிறான். நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்ட பிறகுதான் பெயர் நினைவுக்கு வருகிறது.

உள்ளீடு இல்லாதவற்றுக்கும் பெயர் இன்று பரவியுள்ளது. கையால் பிடித்தது பிடிகொழுக்கட்டை. சிறு உருண்டைகளாக உருட்டி வேகவைத்துத் தாளித்தது அம்மிணிக் கொழுக்கட்டை. பாலில் வேகவைத்தது பால் கொழுக்கட்டை. இவற்றை மோதகம் என்று எவரும் சொல்வதில்லை. அந்தப் பெயருக்குப் பூரணம் வேண்டும்; கொழுக்கட்டைக்கு அரிசி மாவே போதும்.