'நைஸ்' வந்த வழி
மாவை 'நைஸாக' அரைப்பதற்கும் சபையினின்று 'நைஸாக' நழுவுவதற்கும் நம்மவர் தாராளமாக வழங்கும் இச்சொல், 'அறியாதவன்' எனப் பொருள்படும் 'நெஸியுஸ்' என்னும் லத்தீன் பதத்தினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, முதலில் மூடனைச் சுட்டி, பின்னர் கூச்சமுடையவன், நுணுக்கம் பார்ப்பவன் என்றெல்லாம் படிப்படியாகக் கௌரவம் பெற்று, 18ஆம் நூற்றாண்டில் 'இனியது' என்னும் அர்த்தத்தில் வந்து நிலைத்தது. அறிவைக் குறிக்கும் 'சயன்ஸு'க்கும் இதற்கும் தாது ஒன்றே என்பது வேடிக்கை. எதற்கெடுத்தாலும் 'நைஸ்' என்னும் வழக்கத்தை ஜேன் ஆஸ்டின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் அன்றே பரிகசித்திருக்கிறார். அரைப்பதற்கு நமது 'நைய' தாராளமாய்ப் போதும். ஓசை ஒற்றுமை தற்செயலே. நழுவுவதற்கு 'நாசூக்காக' எனலாமெனின், அதுவும் பாரசீகத்து இரவல். 'மெல்ல' என்பதே எனக்கு உவப்பு. ஆயினும் அந்தத் தந்திரம் அதில் முழுதும் தொனிக்கக் காணோம்.