தெஹ்ரானில் சொல்லப்படாத பெயர்

கபீப் நுர்மகமதோவின் சண்டைகளை ராத்திரி முழுக்க யூடியூபில் பார்த்துக்கிடந்த காலத்தில்தான் 'சாம்போ' என்ற சொல் எனக்கு அறிமுகம். மல்யுத்தம் மாதிரிதான் இருக்கும்; ஆனால் மேலே பெல்ட் கட்டிய சட்டை, கீழே அரைக்கால் டவுசர். சட்டையைப் பிடித்துத் தூக்கி எறியலாம், காலை முறுக்கிப் பணியவைக்கலாம். கழுத்தை நெரிக்க மட்டும் கூடாது. ஆயுதமில்லாத் தற்காப்பு என்பதற்கான ரஷ்யச் சொற்களின் சுருக்கம் அந்தப் பெயர்.

இதன் முதல் உலக சாம்பியன்ஷிப் 1973இல் தெஹ்ரானில் நடந்தது. மல்யுத்தப் பித்துப் பிடித்த ஊர், பொருத்தமான இடம்தான். சோவியத் வீரர்கள் தங்கங்களை அள்ளினார்கள். டேவிட் ருட்மன் அவர்களில் ஒருவர். சரி, இந்த ஆட்டத்தை உண்டாக்கியது யார்? அனதோலி கார்லம்பியேவ் என்றுதான் சோவியத் காலம் முழுக்கச் சொன்னார்கள். ஜார்ஜியா தொடங்கி சோவியத் மக்களின் நாட்டார் மல்யுத்தங்களைத் திரட்டி அவர் உருவாக்கினாராம். முழுப்பொய் இல்லை, பாதி உண்மை.

மீதிப் பாதியின் பெயர் வசிலி ஒஷ்செப்கோவ். கார்லம்பியேவின் ஆசிரியர்.

கைதிகளைப் பார்க்க செகாவ் 1890இல் போனாரே, அந்த சகலின் தீவில்தான் இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒஷ்செப்கோவ் பிறந்தார். அம்மா தண்டனைக் கைதி. பதினொரு வயதில் அநாதை. ரஷ்யத் திருச்சபை டோக்கியோவில் நடத்திய பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1911இல் ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகானில் சேர்ந்தார். 1913இல் கறுப்புப் பட்டை. பின்பு சோவியத் உளவாளியாக, சினிமாப் படம் விநியோகிப்பவர் வேஷத்தில் ஜப்பானுக்கே போனார். சினிமாக்கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? ஊர் திரும்பி மாஸ்கோவில் ஜூடோ சொல்லிக்கொடுத்தார். விதிகளையும் உடையையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்.

1937 அக்டோபரில் கைது. குற்றச்சாட்டு: ஜப்பானிய உளவாளி! யாருக்காக ஜப்பானை வேவு பார்த்தாரோ அவர்களே சொன்னார்கள். பத்தே நாளில் புதிர்கா சிறையில் செத்துப்போனார். மறுவருஷம், 1938 நவம்பர் 16இல், அரசு இந்த ஆட்டத்தை அங்கீகரித்தது. அந்த ஆணையில் சாம்போ என்ற பெயரே கிடையாது, 'சுதந்திர மல்யுத்தம்' என்றுதான் இருந்தது. ஜூடோ என்று சொன்னால் ஜப்பான் வந்துவிடும், ஜப்பான் வந்தால் ஒஷ்செப்கோவ் வந்துவிடுவார். அதனால் இரண்டையும் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

1957இல் அவர் நிரபராதி என்று அறிவித்தார்கள். ஏழு வருஷம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதல்முறையாக நடந்தது. சாம்போ பழகிய சோவியத் ஆட்கள் ஜூடோ சட்டையை மாட்டிக்கொண்டு போய் நான்கு வெண்கலம் வாங்கினார்கள். கோடோகான் இருக்கிற ஊரிலேயே.

இப்போது சாம்போ வீடியோ பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தச் சட்டைக்குத்தான் போகிறது. பெல்ட் நுழைய இடுப்பில் இரண்டு துளை, பிடிக்கத் தோளில் துணிமடிப்பு. இவற்றை எடுத்துவிட்டால் அது பழைய ஜூடோ சட்டைதான்.