மூடிய கதவுகளும் ஓர் உடலும்

கொச்சி மட்டாஞ்சேரிக் காயலோரத்துச் சரக்குக் கிடங்குகளின் வணிகக் கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். 2012 முதல் அவற்றில் சில கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியின் அரங்குகளாகவும் இருக்கின்றன. அனிதா துபே பொறுப்பேற்று நடத்திய நான்காவது பினாலே 2018 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது மூன்று மாதமே ஆகியிருந்தது. அந்தப் பினாலேயில் பங்கேற்றவர்களில் தில்லியில் பிறந்த புகைப்படக் கலைஞர் சுனில் குப்தாவும் அவருடைய இணையர் சரண் சிங்கும் உண்டு. குப்தாவுக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியானது 1995இல்.

எய்ட்ஸ் காலக் கலைஞர்களின் வரலாறு பெரும்பாலும் இரங்கல் குறிப்பாகவே எழுதப்படுகிறது. லண்டனில் குப்தாவோடு இயங்கிய ரோடிமி ஃபானி-கயோடே 1989இலும், நியூயார்க்கின் கீத் ஹாரிங் 1990இலும் இளவயதிலேயே மறைந்தார்கள். அந்த இழப்பு பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் மரணத்தை மட்டுமே அளவுகோலாக்கினால், நோயோடு வாழ்ந்தபடி வேலை செய்தவர்கள் வரலாற்றிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள். 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் அப்படி வாழ்ந்தவர்கள் ஏராளம். குப்தா 1999இல் உருவாக்கிய 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' அந்த வாழ்வின் ஆவணம். அதில் எல்லாம் இரட்டைப் படங்கள். ஒரு பக்கம் அவருடைய உடலும் சிகிச்சையும் அன்றாடமும். மறுபக்கம் லண்டன் கேளிக்கை விடுதிகளின் மூடிய வாசல்கள். ஆசையையும் மருந்தையும் அருகருகே வைத்ததில்தான் அதன் துணிச்சல் இருக்கிறது. அந்தப் படங்கள் யாரிடமும் இரக்கம் கோரவில்லை.

கலையைப் பார்க்க வந்தவருக்குக் கலைஞரின் இரத்தப் பரிசோதனை முடிவு எதற்கு என்று கேட்கலாம். மற்றவர்களின் நோயைத் தோண்டி எடுப்பது அநாகரிகம்தான். இங்கே கலைஞரே தன் நோயைப் படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். அதை நாகரிகம் கருதி மறைத்தால் படத்தில் பாதியை மறைத்தவர்களாவோம். இது லண்டன் கதை, நமக்கென்ன என்ற கேள்வியும் நிற்காது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதையொட்டிய 1986-87 காலத்தில்தான் குப்தா தில்லியில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களைப் படமெடுத்து 'எக்ஸைல்ஸ்' வரிசையை உருவாக்கினார். முகம் காட்ட அவர்களில் பலரால் முடியாத காலம் அது.

சட்டம் மாறினாலே அச்சம் விலகிவிடும் என்பதற்கும் சான்று இல்லை. தன்பாலின உறவு குற்றமல்ல என்ற தில்லி உயர் நீதிமன்றத்தின் 2009 தீர்ப்பு நடப்பில் இருந்தபோதே, 2012இல் தில்லியில் நடந்த அவருடைய 'சன் சிட்டி' கண்காட்சியைக் காவல்துறை மூடவைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அதே கலைஞருக்குக் கொச்சியில் இடம் கிடைத்ததை, இந்த ஊரின் மிளகு வணிகத்தோடும் யூதர் தெருவோடும் சேர்த்தே வரலாற்றில் பதிய வேண்டும்.