செங்கல்பட்டு மிதவாதிகளின் இரண்டு வாசல்கள்

1967 தேர்தலில் முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தை 'அண்ணாச்சி' என்று விளித்து, அரிசி விலை 'என்னாச்சு' என்று கேட்டது தி.மு.க.வின் கோஷம். அண்ணாச்சி தெற்குச் சீமை விளி. பூவிருந்தவல்லிக்குப் பக்கத்து நசரத்பேட்டையில் பிறந்த தொண்டை மண்டலத்துக்காரருக்கு அது பொருந்தாத சட்டை. ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

ஒரு தலைவர் தேர்தலில் இரண்டு வாசல் தாண்ட வேண்டும். முதலில் கட்சியில் சீட்டு, பிறகு ஊரில் ஓட்டு. காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், மாமல்லபுரக் கடற்கரை எல்லாம் ஒன்றாக இருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் காங்கிரஸ் மிதவாதிகளுக்கு முதல் வாசல் அகலம். இரண்டாவதில் தலை இடித்தது.

பக்தவத்சலம் வழக்கறிஞர், ஓமந்தூரார் முதல்வராக இருந்த காலத்திலேயே அமைச்சர். 1952இல் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். 1957இலும் 1962இலும் ஸ்ரீபெரும்புதூரில் வென்றார். 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் கட்சிப் பணிக்காகப் பதவி விலகியதும் முதலமைச்சர் நாற்காலி அவருக்கு வந்தது. நிதானம், நிர்வாக அனுபவம், அதிர்ந்து பேசாத பழமைப்பிடிப்பு: கட்சிப் பெரியவர்கள் தேடிய லட்சணங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன.

அதே நிதானத்தை 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மாணவர்கள் பிடிவாதம் என்று படித்தார்கள். டெல்லியில் அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் செங்கல்பட்டு எம்.பி. ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தபோதும் கோட்டையில் அவர் இறங்கி வரவில்லை. பின்னாலேயே அரிசித் தட்டுப்பாடு வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார் தி.மு.க.வின் அண்ணா.

இதே காலத்தில் அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே முதல் வாசலிலும் ஓட்டுப்பெட்டி உண்டு. கட்சி ஆதரவாளர்களே பல மாநிலங்களில் வாக்களிப்பார்கள். 1964இல் குடியரசுக் கட்சியின் மிதவாதி நெல்சன் ராக்பெல்லர் அந்த வாசலிலேயே விழுந்தார். தீவிரப் பழமைவாதி பேரி கோல்ட்வாட்டர் கட்சியை வென்று, பொதுத்தேர்தலில் 6 மாநிலங்களோடு அதிபர் ஜான்சனிடம் தோற்றார். கட்சித் தொண்டர் ஓட்டுப் போட்ட இடத்தில் தீவிரப் பழமைவாதிக்குச் சீட்டு. பெரியவர்கள் கூடிப் பேசிய இடத்தில் மிதவாதிக்கு.

பெரியவர் ஆதரவு மட்டும் போதாது என்பதற்கு ராஜாஜியே சாட்சி. 1950இல் அவர் குடியரசுத் தலைவராக வேண்டும் என்று நேரு விரும்பினார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சேராதவர் என்ற கணக்கைக் கட்சிக்காரர்கள் மறக்கவில்லை. ராஜேந்திர பிரசாத்துக்குப் போனது பதவி. 1959இல் சுதந்திரா கட்சி கண்ட அவர், 1967இல் பிராமணர்களிடம் ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தி.மு.க.வுக்கு வாக்களியுங்கள் என்றார். பழமைப்பிடிப்புள்ள ஓட்டு, தி.மு.க.வின் உதயசூரியனுக்குப் போக வழி திறந்தது.

அந்தத் தேர்தலின் முடிவு விசித்திரமானது. காங்கிரசுக்கு 41.1 சதவீத ஓட்டு, தி.மு.க.வுக்கு 40.7. ஆனால் கூட்டணி பலத்தில் ஆட்சி தி.மு.க.வுக்கு. ஸ்ரீபெரும்புதூரில் டி. ராஜரத்தினத்திடம் பக்தவத்சலம் தோற்றார். அவர் அமைச்சரவையில் ஜி. பூவராகன் ஒருவர்தான் தப்பினார். காங்கிரசின் இரட்டைக்காளை அதன்பின் கோட்டைக்குத் திரும்பவேயில்லை.

தோல்வி காங்கிரசுக்கு மட்டும் சொந்தமல்ல. 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணாவே, பஸ் முதலாளி எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றவர்.

ஓ.வி. அழகேசன் கதை இன்னும் நீளம். 1956 நவம்பரில் அரியலூர் அருகே தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தபோது அவர் ரயில்வே துணை அமைச்சர். அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்துக் கோஷம் கட்டியது தி.மு.க. அடுத்த ஆண்டு செங்கல்பட்டில் சுயேச்சை வேட்பாளர் ஏ. கிருஷ்ணசாமி வென்றார். 1962இல் தொகுதியை மீட்டார் அழகேசன். 1967இல் அது தி.மு.க.வின் சி. சிட்டிபாபுவுக்குப் போனது. எத்தியோப்பியாவுக்குத் தூதராகப் போய்த் திரும்பியவர், 1971இல் திருத்தணியில் நின்றார், வென்றார். அந்தத் தேர்தலில் இந்திரா காங்கிரசுக்குக் கூட்டணித் துணை, 1957இல் அவர்மேல் கோஷம் கட்டிய அதே தி.மு.க.