நாற்பது வளைவிலும் நம்ம பேர் இல்லை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு வரைக்கும் சமதளம், தென்னந்தோப்பு. அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச்சாவடி கடந்ததும் பஸ் மலை ஏற ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து எண் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் ஊர் சுற்ற வந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்குப் பேர் லோம்ஸ் வியூ. இந்தச் சாலையைப் போட்ட வெள்ளைக்கார எஞ்சினியர் லோமின் பெயர் அது. இன்னும் மேலே போனால் கார்வர் மார்ஷுக்குச் சிலை. ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

தந்தை இருக்கிறார். பாறை உடைச்சவன் எங்கே? மண் சுமந்தவள் எங்கே?

எங்க அப்பத்தா சொல்லும்: "எங்காத்தா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத்தான்டா இந்த மலை ஏறுச்சு. பஸ்ஸா காரா? பொள்ளாச்சியில இருந்து நடைதான். மழை, அட்டை. அட்டகட்டிக்கிட்ட வந்து உக்காந்து, திரும்பிப் போயிரலாம்னு அழுதிருக்கு. கங்காணி விடல."

அப்பத்தாவின் ஊர் ராமநாதபுரம் பக்கத்து வானம் பார்த்த பூமி. சேரியில் கஞ்சிக்கு வழியில்லாத வருசத்தில் கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான். மலையில் நல்ல வீடு, நல்ல கூலி, ரெண்டு வருசத்தில் காசோடு திரும்பலாம் என்றான். எம்.ஏ.வில் மலைபடுகடாம் படித்தபோது எனக்கு இந்தக் கங்காணிதான் ஞாபகத்துக்கு வந்தான். அதுவும் மலைவழி சொல்கிற பாட்டுதான். பரிசில் பெற்று வந்த கூத்தன், இன்னொரு கூத்தனுக்கு நன்னனிடம் போகும் வழி சொல்கிறான். வழியில் பயம் உண்டு, முடிவில் பரிசு உண்டு. கங்காணி பாடிய ஆற்றுப்படையில் பயத்தைச் சொல்லவில்லை, பரிசும் பொய். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத்தான் பரிசு.

இந்த மலையில் முதலில் தடம் போட்டவர்கள் காடர், மலசர், முதுவர் சனங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டக்காரர்கள் காட்டை அழித்து உள்ளே வந்தார்கள். காப்பி வந்தது, பிறகு தேயிலை. தேயிலை கீழே இறங்க வேண்டும், அரிசியும் ஆளும் மேலே ஏற வேண்டும். அதற்காகத்தான் சாலை. மலையின் மூத்த குடிகளுக்கு அது போடப்படவில்லை. 2019 ஆகஸ்டு மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லார்குடிக் காடர்கள், தங்கள் காட்டிலேயே வேறொரு மேட்டில் குடியேற 2021 வரை போராட வேண்டியிருந்தது.

ஏறின சனம் ஏன் இறங்கவில்லை? முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, வேலைக்கே திருப்பி அனுப்பவும், மறுத்தால் சிறையில் போடவும் 1859-லேயே சட்டம் இருந்தது. 1925-ல்தான் அதை நீக்கச் சட்டம் வந்தது. சட்டம் போனாலும் கடன் போகவில்லை. கம்பளிக்கும் அரிசிக்கும் பிடித்தது போக வருசக் கணக்கு முடிக்கும்போது கையில் ஒன்றும் நிற்காது. ஓடிப்போனவர்களைச் சாலையிலேயே மடக்கிக் கொண்டுவந்து அடிப்பார்களாம். சாலை ஒன்றுதான், இறங்க வேறு வழி தெரியாது. காய்ச்சலில் செத்தவர்களைத் தேயிலைக்காட்டு ஓரத்திலேயே புதைத்தார்கள். பூட்டியும் அங்கேதான் கிடக்கிறாள். கல் இல்லை, பேர் இல்லை.

பாட்டி சொன்ன கதை வரலாறாகுமா என்று கேட்பார்கள். 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் இந்தக் கதைகளைத்தான் காது கொடுத்துக் கேட்டார். 1969-ல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' நாவலாக எழுதினார். 2007-ல் இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அப்பத்தா அதற்கு முன்பே போய்விட்டது. நான் வாசித்தபோது பாதிக்கதை எனக்கு முன்னமே தெரிந்திருந்தது.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை ஆனது. சங்கம் கட்டி, அடிபட்டு வாங்கிய உரிமை அது. ஆனால் வேலை செய்கிற வரைக்கும்தான் வீடு. எங்க அப்பா முப்பத்தெட்டு வருசம் மருந்தடித்து, கவாத்து வெட்டி ஓய்வு பெற்றபோது, வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்றார்கள். மூணு தலைமுறை பிறந்த லைன் வீடு. ஒரு மினி லாரியில் கட்டிலும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு இதே நாற்பது வளைவிலும் இறங்கினோம். அப்பா வழியெல்லாம் பேசவில்லை. ஆழியாறு வந்ததும், "இனி நமக்கு எந்த ஊருடா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ராமநாதபுரத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. மலையிலும் இல்லை.

இன்று திருப்பூர், கோவை என்று நம்ம பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அஸ்ஸாம், ஜார்க்கண்ட் சனங்கள் அதே சாலையில், ஏஜெண்டு சொன்னதை நம்பி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் அதே லைன் வீடுகளில்தான் குடியேறுகிறார்கள்.

வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் அடிபடாமல் சாலையைத் தாண்ட மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். சாலை கடக்கும் உயிருக்குக் கணக்கு வேண்டும் என்பதைத்தான் நானும் கேட்கிறேன். தோட்டத்துச் செக்ரோல் ஏடுகள் மக்கிப்போகும் முன்னே அவற்றை வெளியே கொண்டுவர வேண்டும். நடந்து ஏறினவர்களின் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேராவது உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். மாணவத் தோழர்கள் ஒரு விடுமுறைக்கு மலையேறுங்கள். ஒன்பதாவது வளைவில் படம் எடுத்தது போதும். லைன் வீடுகளுக்குப் போங்கள். வளைவுக்கு எண் போட்டவர்கள் பேர் எழுத மாட்டார்கள். நாமதான் எழுதணும்.