சிவப்புச் சட்டைப் பையன்

காஞ்சிபுரத்துக்குக் கடல் இருந்தது என்று சொன்னால் ஏதோ புராணக் கதை சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். புராணம் அல்ல. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரையில் இருந்தது. கோவளமும் மாமல்லபுரமும் அதுவரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாதத்தில் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. கடற்கரை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்களுக்கு ஏரிகளும் பாலாற்று மணலும் மிச்சம். கடலைக் கடைந்தவர்கள் உண்டு, குடித்த முனிவர் ஒருவர் உண்டு. ஓர் அரசாணையால் கடலை இழந்த ஊர் எங்கள் ஊர்தான்.

ஆனால் அரசாணைக்கு முன்னால் கல் ஒன்று இருக்கிறது. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவன்தான் மாமல்லையில் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். தலைநகரம் இங்கே, துறைமுகம் அங்கே. இரண்டையும் ஒரே கை தொட்டிருக்கிறது. ஆகையால் நான் காமிராவைத் தூக்கிக்கொண்டு கோவளத்துக்குப் போனபோது அயலூருக்குப் போவதாகவே நினைக்கவில்லை.

போன காரியம் அலைச்சறுக்குப் போட்டி. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதம் அங்கே தேசிய அளவில் போட்டி நடந்தது. ஹவாய்த் தீவுக்காரர்களின் விளையாட்டு அது. காப்டன் குக்கின் கப்பல்கள் அங்கே போயிருந்தபோது, 1779இல், ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, தீவுவாசிகள் பலகைமேல் படுத்து அலையோடு கரைக்குப் பாய்ந்து வருவதை வியந்து எழுதி வைத்தார். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோகு அதை ஆஸ்திரேலியாவரை கொண்டுபோய்ப் பரப்பினார். கோவளத்துக்கு வர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. மூர்த்தி மேகவன் என்ற மீனவரும் அருண் வாசு என்ற தொழிலதிபரும் 2012 வாக்கில் மீனவக் குழந்தைகளுக்காக அங்கே சறுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அதன் பிறகு ஆகஸ்டு மாதங்களில் விழாவும் போட்டியும் நடக்க ஆரம்பித்தன.

ஏன் ஆகஸ்டு? தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே நெடுந்தொலைவில் கிளம்பும் அலைகள் நம் கரைக்கு ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். சறுக்குக்காரனுக்கு வேண்டியது உயரம் மட்டும் அல்ல, ஒழுங்கு. அலை முழுவதும் ஒரே சமயத்தில் படீரென்று விழுந்தால் பயனில்லை. ஒரு முனையில் உடையத் தொடங்கி, நெய்யும்போது துணி சுருண்டு வருவதைப்போல, மறுமுனைக்குச் சுருண்டுகொண்டே போகவேண்டும். உடைந்த நுரைக்கும் உடையாத நீருக்கும் நடுவிலிருக்கும் அந்தச் சரிவில்தான் அவன் நிற்கிறான்.

காலை ஏழு மணிக்கு மணலில் முக்காலியை ஊன்றினேன். ஒரு நாழிகைக்குள் ஒரு பெரிய உண்மை விளங்கிவிட்டது. நமது கடல் கிழக்கே இருக்கிறது. காலைச் சூரியன் கடலிலிருந்து எழுந்து நேராகக் காமிராவின் கண்ணிலேயே விழுகிறான். அலைமேல் நிற்பவன் கறுப்பு உருவமாகத் தெரிகிறானே தவிர, முகம் இல்லை. சரி, பிற்பகலில் சூரியன் முதுகுப் பக்கம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிற்பகலில் வெளிச்சம் அற்புதமாகத்தான் இருந்தது, அலை போய்விட்டது! காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அலையின் முகத்தை இழைத்துப் பளிங்காக்குகிறது. பிற்பகலில் கடற்காற்று கிளம்பி அதையே கலைத்துக் கந்தலாக்கிவிடுகிறது. நல்ல அலை இருக்கும்போது நல்ல வெளிச்சம் இல்லை. நல்ல வெளிச்சம் வரும்போது நல்ல அலை இல்லை. கிழக்குக் கரையில் படம் எடுக்கப் போகிறவனுக்குப் பகவான் விதித்த தலையெழுத்து இது.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் அவஸ்தையை வெகுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், ஒண்ணும் வுழலியா?” என்றார், மீன் பிடிக்கிறவனைக் கேட்பதுபோல.

“அலை வரும்போது ஆள் இல்லை, ஆள் வரும்போது அலை இல்லை, பெரியவரே.”

“அலைய எண்ணு சார். சின்னதா வரும், வரும், அப்பால மூணு நாலு பெருசா சேந்து வரும். அதுக்குத்தான் பசங்க குந்திக்கினு இருக்கறானுங்க. நீயும் குந்து.”

குந்தினேன். அவர் சொன்னது முற்றும் சரி. போட்டியிலும் அதுதான் கணக்கு. இருபது நிமிஷத்தையொட்டிய ஒரு சுற்றில் இரண்டு பேரோ நான்கு பேரோ வெவ்வேறு நிறச் சட்டை அணிந்து இறங்குகிறார்கள். எத்தனை அலையில் ஏறினாலும் ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்த இரண்டு அலைகளுக்குத்தான் மதிப்பெண், ஒவ்வொன்றும் பத்துக்கு. ஆகவே அவசரப்படுகிறவன் தோற்கிறான். பெரிய அலைக்காகவே கடைசிவரை காத்திருப்பவனும் சில சமயம் வெறுங்கையோடு கரையேறுகிறான். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பதுதான் வித்தை.

அன்று சிவப்புச் சட்டை அணிந்த ஒரு பையன் அந்த வித்தையைக் காட்டினான். பதினான்கு வயது இருக்கும். மூன்று அலைகளை வரிசையாக விட்டான். நான்காவது அலை முதுகை உயர்த்தியபோது இரண்டே துடுப்புக் கைவீச்சில் ஏறி நின்றான். ஒரு துண்டு மேகம் சூரியனை மறைத்த நேரம் அது. கண்ணைக் கூசவைத்த ஒளி தணிந்தது. அலையின் உள்முகம் பச்சைப் பட்டாகப் பளபளத்தது. அவன் முழங்காலை மடித்துக் கையால் நீர்ச்சுவரைத் தடவிக்கொண்டே போனான். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் காமிரா அதைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு இருக்கிறது. 1839இல் புகைப்படக் கலை பிறந்தபோது அதற்கு அலை தெரியாது. தட்டு ஒளியை வாங்கிக்கொள்ளப் பல நிமிஷங்கள் ஆகும்; அதற்குள் அலை வெறும் மூடுபனியாகிவிடும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856-57இல் கடல் படங்கள் எடுத்து உலகை மயக்கினார். வானத்துக்கு ஒரு தட்டு, கடலுக்கு ஒரு தட்டு என்று தனித்தனியாக எடுத்து ஒட்டிய படங்களும் அவற்றில் உண்டு. அதே காலத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த லினேயஸ் டிரைப், மதுரை, தஞ்சைக் கோயில்களையெல்லாம் படம் பிடித்தார். கோயில் அசையாது, பொறுமையாக நிற்கும். ஆகவே முதலில் படத்தில் ஏறியது கல். அசைகிற கடலும், அதில் உழைக்கிற மனிதனும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1871இல் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர்ந்த தட்டுக்கு வழி சொன்ன பிறகே காமிராவுக்கு வேகம் வந்தது.

வேகம் வந்த பிறகு சென்னைக் கடற்கரையில் எதை எடுத்தார்கள்? மசூலாப் படகை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சும். கவர்னராயிருந்தாலும் சரி, கவர்னர் மனைவியாயிருந்தாலும் சரி, கரைக்கு வர வேண்டுமானால் மசூலாப் படகில் இறங்கி அலைகளைத் தாண்டியாக வேண்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் பலகை பிளக்காமல் நெளிந்துகொடுக்கும். அதைச் செலுத்தியவர்கள், பெரிய அலை எது, சின்ன அலை எது என்று எண்ணி, ஒரு குறிப்பிட்ட அலையின் முதுகில் ஏற்றிப் படகைக் கரையில் போட்டார்கள். படகும் போக முடியாத நாட்களில் கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு கப்பலுக்கு நீந்தாத குறையாகப் போனார்கள். துறைமுகம் கட்ட 1870களில் தொடங்கிய வேலையை 1881ஆம் ஆண்டுப் புயல் வாரிக்கொண்டு போனபோதும் அவர்கள் பிழைப்பு நடந்துகொண்டுதான் இருந்தது.

அலைச்சறுக்கு வெளிநாட்டு விளையாட்டாக இருக்கலாம். அலையைப் படிக்கிற படிப்பு நம் குப்பத்துப் படிப்பு. வலையோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர் “அலைய எண்ணு” என்றாரே, அது அவர் அப்பனுக்கு அப்பன் எண்ணிய கணக்கு.

நான் எடுத்தவை அறுநூறு படங்கள். தேறியது ஒன்று. அதைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, பெருமையோடு எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனேன். கோர்வை நெசவில் கைதேர்ந்தவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து, மூன்று நாடா ஓட்டி, இரண்டும் சேருமிடத்தில் இழைக்கு இழை பூட்டுகிற வேலை. கூட ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் நடக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா இருக்குங்க. அலையும் பையனும் சேர்ற இடம் கோர்வை மாதிரி சுத்தமா விழுந்திருக்கு. இந்தப் பையன் பேர் என்ன?”

“சிவப்புச் சட்டைக்காரன். கால் இறுதிச் சுற்றில்...”

“அது சட்டையோட பேருங்க. பையன் பேர்?”

எனக்குத் தெரியவில்லை. அலையின் உயரம் தெரியும். காற்றின் திசை தெரியும். காமிராவின் வேகம் தெரியும். பெயர் தெரியாது.

“ஒண்ணுமில்லைங்க, சும்மாதான் கேட்டேன்,” என்றார் நண்பர், மறுபடி தறியில் உட்கார்ந்துகொண்டே. “நம்ம புடவையில கடைப் பேர் இருக்கும். கட்டிக்கிற அம்மா பேரைப் பத்திரிகையில போடுவாங்க. நெய்தவன் பேரை யாரும் கேட்கிறதில்லை. அதனாலே எனக்கு இது ஒரு பழக்கம்.”

அன்று மாலை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். மனசு சரியில்லாவிட்டால் நான் போகிற இடம் அது. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்மன் கட்டிய கோயில். சுற்றுப் பிராகாரத்துச் சுவர் முழுவதும் பல்லவ வம்சத்தின் கதை அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசன் வாரிசில்லாமல் இறக்கிறான், தேடிப் போகிறார்கள், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் முன்வருகிறான், முடி சூட்டுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் படங்கள். காமிரா வருவதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த புகைப்பட ஆல்பம் என்றே சொல்லலாம். சில சிற்பங்களுக்கு அடியில் இது இன்னார், இது இன்ன சம்பவம் என்று எழுத்து வெட்டியிருக்கிறது. பலவற்றுக்கு அடியில் எழுத்தே இல்லை. எழுதியிருக்கிற இடத்தில் சரித்திரக்காரர்கள் பெயர் சொல்லி நிற்கிறார்கள். எழுதாத இடத்தில் “ஒரு வீரன்”, “சில பணியாட்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நானும் மசூலாப் படகை எடுத்த வெள்ளைக்காரரும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. அந்தப் பழைய படங்களில் உற்றுப் பார்த்தால் துடுப்புப் பிடித்தவர்களின் நரம்புகூடத் தெரிகிறது. அடியில் “மசூலாப் படகு, சென்னை” என்று எழுதியிருக்கும். படகுக்குப் பெயர் உண்டு. ஊருக்குப் பெயர் உண்டு.

இன்னொரு படத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தாஹித்தித் தீவில் நடந்தது. அலையிலிருந்து வெளியே பாய்ந்து, ஒரு விரலை உயர்த்தியபடி, பலகையும் பக்கத்திலேயே நிற்க, ஆகாயத்தில் நிற்பதுபோல் ஒரு வீரர் தெரிகிற படம் உலகம் முழுவதும் சுற்றியது. படத்தில் இருப்பவர் பிரேசிலின் கேப்ரியேல் மெதீனா. எடுத்தவர் ஜெரோம் புரூயே. இரண்டு பெயரும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையனுடைய அலை அவ்வளவு பெரிதல்ல என்பதால் அவனுக்குப் பெயர் வேண்டாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோவளம் போனேன். வலைப் பெரியவர் அதே இடத்தில் இருந்தார். படத்தைக் காட்டினேன். “அட, நம்ம கோடி வூட்டுப் புள்ள!” என்று சொல்லி, வலையை அப்படியே போட்டுவிட்டு அழைத்துக்கொண்டு போனார். பையன் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் தாயார் மீன் கூடையை இறக்கி வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். வெகுநேரம் பேசவில்லை.

“தண்ணில போறான்னு வைவேன் சார். இப்டித்தான் போறான்னு எனக்கு இன்னிக்கித்தான் தெரியும்,” என்றாள்.

பெயரைக் கேட்டேன். தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னான். பத்திரிகையில் எழுதட்டுமா என்றும் கேட்டேன். தாயார் தலையை ஆட்டினாள். “அவன் பெரியவனாகி அவனே சொல்லட்டும் சார். இப்ப படத்துக்குப் பின்னால எழுதிக்குடுங்க. அது போதும்.”

எழுதிக் கொடுத்தேன்: பெயர், ஊர், தேதி. பெரியவர் எட்டிப் பார்த்து, “அந்த அலை எத்தினியாவது அலைன்னும் எழுதிக்க சார். நாலாவது,” என்றார். அதையும் எழுதினேன்.

2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன் போட்டியே மாமல்லபுரத்துக்கு வந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் படம், படத்தின் கீழ் அவர் பெயர். ராஜசிம்மனின் கோயில் இருக்கும் அதே ஊரில்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு தறி நண்பரிடம் போனேன். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். நான் கையோடு கொண்டுபோயிருந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

“என்னங்க எழுதப் போறீங்க?”

“தறியிலே இருக்கிற புடவைக்குக் கூட உட்கார்ந்து நாடா ஓட்டுகிறாரே, அவர் பேர் என்ன?” என்று கேட்டேன்.